ஈரலுக்குள் வரும் பித்தக்குழாய்ப் புற்றுநோய்: பயாப்சி ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவர்கள் கேட்பவை

கல்லீரலில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்து, ஊசி போட்டுத் துண்டு எடுத்து, ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்து வாங்கியவர்கள் அதைப் படித்ததும் கேட்கும் கேள்விகள் இவை. நான் நோயியல் பிரிவில் ஸ்லைடு பார்ப்பவன். கட்டி எப்படிப்பட்டது, அதற்கு எப்படிப் பெயர் வைக்கிறோம், அந்தப் பெயரை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எந்த மருந்து, எத்தனை சுற்று என்பதெல்லாம் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை.

இது கல்லீரல் புற்றுநோயா, பித்தப்பைப் புற்றுநோயா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே?

இருக்கும் இடம் கல்லீரல், பிறந்த செல் பித்தக்குழாயைச் சேர்ந்தது. குழப்பம் அங்கேதான் வருகிறது. கல்லீரல் செல்கள் சுரக்கும் பித்தநீர், கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களில் இறங்குகிறது. அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, வலது, இடது என இரண்டு கிளைகளாகக் கல்லீரலின் வாசலுக்கு வந்து, அங்கே ஒன்றாகிக் குடலுக்குப் போகின்றன. இந்தக் குழாய்களின் உள்சுவரில் ஒற்றை வரிசையாக நிற்கும் செல்களில் தொடங்கும் புற்றுநோய்க்குக் கொலாஞ்சியோகார்சினோமா என்று பெயர்.

வலது, இடது கிளைகள் அடுத்த கட்டமாகப் பிரியும் இடத்துக்கும் உள்ளே, ஈரலின் ஆழத்தில் தொடங்கினால் அதுதான் நாம் இங்கே பேசும் வகை. வாசலில் வருவது வேறு. 1965-ல் ஜெரால்ட் கிளாட்ஸ்கின் விவரித்ததால் அதைக் கிளாட்ஸ்கின் கட்டி என்பார்கள். அதற்கும் கீழே, கணையத்தை ஒட்டி வருவது மூன்றாவது. பித்தப்பைப் புற்றுநோய் இந்த மூன்றிலும் சேராத தனி நோய்.

கல்லீரலிலேயே தொடங்கும் புற்றுநோய்களில் முதலிடம் எச்.சி.சி. எனப்படும் ஹெப்படோசெல்லுலர் கார்சினோமாவுக்கு. நம்முடையது இரண்டாவது, 100-ல் ஏறத்தாழ 10 முதல் 15.

மஞ்சள் காமாலையே வரவில்லையே, பித்தக்குழாயில் நோய் என்றால் எப்படி?

வாசலில் கட்டி வந்தால் மொத்தப் பித்தநீரும் தடைபடும், காமாலை சீக்கிரம் தெரியும். ஈரலின் ஓரத்தில் ஒரு சின்னக் கிளை அடைபட்டால் மற்ற கிளைகள் வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் இந்தக் கட்டி சத்தமில்லாமல் பெரிதாகி, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாக அகப்படுகிறது.

அப்பாவின் ரிப்போர்ட்டில் 'அடினோகார்சினோமா' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். இதுதானா அது?

இருக்கலாம். ஆனால் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு 'ஆமாம்' என்று யாராலும் சொல்ல முடியாது.

சுரப்பி வடிவில் வளரும் எந்தப் புற்றுநோய்க்கும் அடினோகார்சினோமா என்றுதான் பெயர். பெருங்குடல், இரைப்பை, கணையம், நுரையீரல், மார்பகம் எங்கே தொடங்கினாலும் அது கல்லீரலுக்கு வந்து உட்காரும். குடலிலிருந்து வரும் ரத்தமெல்லாம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குத்தான் முதலில் வருகிறது. எனவே கல்லீரலில் ஒரு அடினோகார்சினோமாவைப் பார்த்ததும் எங்களுக்கு முதலில் தோன்றுவது, இது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. இங்கேயே பிறந்தது என்ற முடிவுக்கு மற்ற இடங்களையெல்லாம் தள்ளிவிட்ட பிறகுதான் வருவோம்.

தள்ளுவதில் பாதி வேலை ஸ்லைடில் நடக்கும். மீதிப் பாதி வெளியே: வயிறு, மார்பு சி.டி., இரைப்பை, பெருங்குடல் எண்டோஸ்கோபி, பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை. 'பயாப்சியில்தான் தெரிந்துவிட்டதே, இன்னும் எதற்கு இவ்வளவு டெஸ்ட்' என்று வீட்டில் சலித்துக்கொள்வார்கள். பயாப்சியில் தெரியாததால்தான் அந்த டெஸ்ட்.

குறிப்பாகக் கணையம். கணையத்திலிருந்து பரவியதும் பெரிய பித்தக்குழாயில் பிறந்ததும் நுண்ணோக்கியின் கீழே கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். ஸ்டெயின், அதாவது புரதங்களைக் காட்டும் சிறப்புச் சாயம், போட்டாலும் பல சமயம் பிரியாது. அங்கே ஸ்கேன் பார்ப்பவரின் கண்தான் எங்களைக் காப்பாற்றும்.

ஊசியில் எடுத்த துண்டுக்கு என்னதான் செய்கிறீர்கள்? ஏன் இத்தனை நாள்?

ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் நீளம். தடிமன் ஒரு மில்லிமீட்டரைத் தொட்டால் பெரிது. வெளிறிய நூல் போன்ற இரண்டு, மூன்று துண்டுகள் ஃபார்மலினில் மிதந்துகொண்டு வரும். அது திசு கெடாமல் இருப்பதற்கு. அப்புறம் ஆல்கஹாலில் தண்ணீரை வெளியேற்றி, சைலீனில் ஆல்கஹாலை வெளியேற்றி, உருகிய பாரஃபின் மெழுகை ஊறவிட்டு, ஒரு சின்னப் பிளாஸ்டிக் கேசட்டின் முதுகில் கட்டியாக வார்ப்பார்கள். அந்த மெழுகுக் கட்டிதான் பிளாக். அதிலிருந்து மூன்று, நான்கு மைக்ரான் தடிமனில் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்தி, சாயம் ஏற்றுகிறோம். உட்கரு நீலம், மற்றவை இளஞ்சிவப்பு. இதுவரை ஓரிரு நாள். நாட்கள் கூடுவது அடுத்து வரும் சிறப்பு ஸ்டெயின்களால்தான்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஸ்டெயினுக்கும் பிளாக்கிலிருந்து ஒரு சீவல் போகும். ஒவ்வொரு முறை பிளாக்கை மறுபடி மெஷினில் மாட்டும்போதும், மட்டம் பார்க்கவே சில சீவல்கள் வீணாகும். ஆசைக்கு இருபது ஸ்டெயின் போட்டுவிட்டு, பிறகு மரபணுப் பரிசோதனைக்குத் திசு இல்லை என்று கைவிரிப்பது நடக்கிற கதைதான். இந்த நோயில் மரபணுப் பரிசோதனைதான் சிலருக்குப் புதிய கதவைத் திறக்கிறது. ஆகவே முதல் நாளே கொஞ்சம் கஞ்சத்தனத்தோடு திட்டமிடும் பெத்தாலஜிஸ்ட் நல்லவர் என்பது என் எண்ணம்.

ரிப்போர்ட்டில் சி.கே.7 பாசிட்டிவ், சி.கே.20 நெகட்டிவ் என்றெல்லாம் இருக்கிறது. பாசிட்டிவ் என்றால் கெட்டதா?

நல்லது, கெட்டது என்று எதுவும் அதில் இல்லை. ஒரு செல்லில் ஒரு புரதம் இருக்கிறதா என்று கேட்கிறோம்; இருந்தால் பழுப்பு நிறம் ஏறும். அவ்வளவுதான்.

சி.கே.7, சி.கே.19 இரண்டும் பித்தக்குழாய் செல்லில் இருக்கும் புரதங்கள், பெரும்பாலும் பாசிட்டிவாக வரும். ஆனால் சி.கே.7 நுரையீரல், மார்பகம், கணையம் என்று ஊர் முழுக்க இருப்பது, அதை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஹெப்பார்-1, ஆர்ஜினேஸ்-1 இரண்டும் கல்லீரல் செல்லுக்குரியவை. அவை நெகட்டிவ் என்றால் எச்.சி.சி. பெரும்பாலும் விலகுகிறது. சி.கே.20, சி.டி.எக்ஸ்.2, சாட்பி2 மூன்றும் சேர்ந்து பளிச்சென்று வந்தால் பெருங்குடலைத் தேடச் சொல்வோம். டி.டி.எஃப்.-1 வந்தால் நுரையீரல். காட்டா3 வந்தால் பெண் நோயாளிக்கு மார்பகம் பார்த்தாயிற்றா என்று கேட்போம்.

இவற்றில் எதுவும் 'நான் ஈரலுக்குள் இருக்கும் பித்தக்குழாய்' என்று நேரடியாகச் சொல்வதில்லை. கொஞ்சம் அருகில் வருவது அல்புமின் ஆர்.என்.ஏ. சோதனை. அல்புமினைத் தயாரிப்பது கல்லீரல். சிறு பித்தக்குழாய் வகைக் கட்டிகள் பலவற்றில் அந்த ஆர்.என்.ஏ. இருக்கிறது, பெருங்குடல், கணையக் கட்டிகளில் இருப்பது அபூர்வம். வந்தால் பெரிய உதவி. வராவிட்டால் ஒன்றும் தீர்மானிக்க முடியாது, ஏனென்றால் பெரிய குழாய் வகையில் அது பெரும்பாலும் வராது. தவிர எல்லா லேபிலும் இந்தச் சோதனை கிடையாது.

ஆபரேஷனில் எடுத்த கட்டி எப்படி இருக்கும்?

கல்லீரலின் பழுப்புச் சிவப்புக்கு நடுவே சாம்பல் வெள்ளையாக ஒரு முடிச்சு. ஓரங்கள் வளைந்து நெளிந்து இருக்கும், சுற்றிலும் உறை இருக்காது. ஈரலின் மேற்பரப்பை ஒட்டியிருந்தால் அந்த இடம் உள்ளே குழிந்திருக்கும். கத்தியை வைத்தால் பச்சைக் கொய்யாவை அறுப்பதுபோல நறநறவென்று இறங்கும். எச்.சி.சி. அப்படி இராது, மெத்தென்று, பல சமயம் பித்தநீர் தோய்ந்து பச்சையாக இருக்கும்.

அந்தக் கடினத்துக்குக் காரணம் நார்த்திசு. இந்தப் புற்றுநோய் செல்கள் தங்களைச் சுற்றி நார் உற்பத்தி செய்யும் செல்களைத் தூண்டிவிட்டுக்கொண்டே வளர்கின்றன. கட்டியின் நடுப்பகுதி பெரும்பாலும் வெறும் நார், அங்கே புற்றுநோய் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். உயிரோட்டமான பகுதி விளிம்பில். சி.டி.யில் கட்டியின் விளிம்பு முதலில் பளிச்சிட்டு, நடுப்பகுதி தாமதமாக மெல்ல நிறம் ஏறுவது இதனால்தான். ஸ்கேனுக்காக ரத்தத்தில் ஏற்றும் மருந்து நாருக்குள் மெதுவாகத்தான் ஊறும். ஊசி நடுவில் போனால் வெறும் நார் கிடைத்து, 'போதுமான செல்கள் இல்லை, மறுபடி எடுக்கவும்' என்று ரிப்போர்ட் வருவதற்கும் இதே காரணம்தான். அதில் ஊசி போட்டவரின் தவறு என்று எதுவும் இல்லை.

வளரும் விதத்தை வைத்து ஜப்பானிய நிபுணர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். இன்றும் அதைத்தான் எழுதுகிறோம். முடிச்சாக வளர்வது, அதுதான் மிகுதி. குழாயின் சுவரை ஒட்டியே, முடிச்சு விழாமல் நீளவாக்கில் ஊர்வது. குழாயின் உள்ளே காளான்போல் நீட்டிக்கொண்டு வளர்வது. இந்த மூன்றாவது வகைக்கு மற்றதைவிட நல்ல எதிர்காலம். இரண்டாவதுதான் அறுவை நிபுணருக்குத் தலைவலி. கைக்கு ஒன்றும் தட்டுப்படாமல் கட்டி குழாயோரமாக வெகுதூரம் போயிருக்கும்.

'ஸ்மால் டக்ட்', 'லார்ஜ் டக்ட்' என்று எழுதியிருக்கிறார்களே?

2019-ல் வந்த உலக சுகாதார அமைப்பின் வகைப்பாடு ஈரலுக்குள் வரும் இந்தப் புற்றுநோயை இந்த இரண்டாகப் பிரித்தது. எனக்குக் கேட்டால், கடந்த பல வருடங்களில் இந்த நோயைப் பற்றி வந்த உருப்படியான மாற்றம் இதுதான். ஒரே பெயரில் இரண்டு வேறு நோய்களை வைத்துக் குழம்பிக்கொண்டிருந்தோம்.

சிறு குழாய் வகை ஈரலின் ஓரத்தில், முடிச்சாக வரும். கனசதுர வடிவச் செல்கள், சின்னச் சின்னக் குழாய்கள், சளி சுரக்காது. ஹெப்படைடிஸ் பி, சி, சிரோசிஸ் உள்ள ஈரலில் வருவது பெரும்பாலும் இதுதான். ஐ.டி.எச்.1, ஐ.டி.எச்.2 மரபணு மாற்றங்களும் எஃப்.ஜி.எஃப்.ஆர்.2 மரபணு வேறொன்றோடு ஒட்டிக்கொள்ளும் இணைவும் இந்த வகையில்தான் காணப்படுகின்றன.

பெரிய குழாய் வகை வாசலுக்கு அருகில் வரும். உயரமான செல்கள், சளி சுரக்கும், ஒழுங்கற்ற சுரப்பிகள் நாருக்குள் சிதறிக் கிடக்கும். நரம்பைச் சுற்றிக்கொண்டு ஊர்வதும் நிணநீர்க் கணுக்களுக்குப் போவதும் இதன் வழக்கம். கேராஸ் மரபணு மாற்றமும் ஸ்மாட்4 மரபணு இழப்பும் இங்கே. குழாயில் நெடுங்காலம் புண்பட்டு வீங்கிய வரலாறு பின்னணியில் இருக்கும். எஸ்100பி (S100P) என்ற ஸ்டெயின் இதில் ஏறும், சி.ஆர்.பி. ஸ்டெயின் சிறு குழாய் வகையில் ஏறும்.

பொதுவாகச் சிறு குழாய் வகைக்குப் போக்கு கொஞ்சம் சாதகம், குறிவைத்துத் தரும் மருந்துகளுக்கும் வாய்ப்பு அதிகம். ஊசித் துண்டில் சில சமயம் எந்த வகை என்று பிரிக்க முடியாது. அப்போது எழுதாமல் விடுவதுதான் நேர்மை.

அப்பா குடிக்கவே மாட்டார். அவருக்கு எப்படி வந்தது?

பெரும்பாலானவர்களுக்கு இன்ன காரணம் என்று விரல்விட்டுக் காட்ட முடிவதில்லை. சிரோசிஸ், ஹெப்படைடிஸ் பி, சி, சர்க்கரை நோய், உடல் பருமன், ஈரலில் கொழுப்பு எல்லாம் வாய்ப்பைக் கூட்டுபவை. குடியும் அந்தப் பட்டியலில் உண்டு, ஆனால் குடிக்காதவருக்கு வராது என்று இல்லை. ஈரலுக்குள் பித்தக்குழாய்களில் கற்கள் சேர்வது, பிறவியிலேயே குழாய்கள் பைபோல விரிந்திருக்கும் கரோலி நோய், குழாய்கள் வீங்கிச் சுருங்கும் பி.எஸ்.சி. எனும் நோய் ஆகியவையும் காரணங்கள்.

காரணம் தெளிவாகத் தெரிந்த இடங்களைப் பார்த்தால் இந்த நோய் எப்படி உருவாகிறது என்பது புரியும். அதில் முதலாவது தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியான இசான். அங்குள்ள கோன் கேன் மாகாணம் உலகிலேயே இந்த நோய் மிக அதிகமாகப் பதிவான இடங்களில் ஒன்று. காரணம் ஒபிஸ்தார்க்கிஸ் விவெரினி என்ற தட்டைப்புழு. அதன் முட்டை மனித மலத்தோடு தண்ணீருக்குப் போகிறது, ஒரு சின்ன நன்னீர் நத்தை அதை விழுங்குகிறது, நத்தைக்குள் பெருகி வெளியே வந்து கெண்டை இன மீன்களின் சதைக்குள் புகுந்துகொள்கிறது. அந்த மீனைப் பச்சையாகக் கொத்தி, எலுமிச்சைச் சாறு, மிளகாய், தழைகள் சேர்த்துப் பிசைந்து உண்பது அங்கே பழக்கம். கோய் ப்லா என்பார்கள். எலுமிச்சைச் சாறு புழுவைக் கொல்லாது. சிறுகுடலில் விடுபட்ட குஞ்சு பித்தக்குழாய்க்குள் ஏறி, அங்கே வளர்ந்து, பல வருடம் வாழ்கிறது.

முழு வளர்ச்சியில் ஒரு சென்டிமீட்டர்தான். ஆனால் அதன் உறிஞ்சி குழாயின் சுவரைப் பிறாண்டுகிறது. அது சுரக்கும் புரதங்கள் குழாய்ச் செல்களைப் பெருகத் தூண்டுகின்றன. உடல் அதை எதிர்த்து அழற்சியைக் கிளப்புகிறது. அழற்சியில் உருவாகும் வேதிப்பொருட்கள் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகின்றன. சேதமும் பெருக்கமும் ஒரே இடத்தில் பல பத்தாண்டுகள் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோன் கேன் சாட்சி. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் புழுவை 1994-லும், சீனா, கொரியா பக்கம் உள்ள அதன் உறவான குளோனார்க்கிஸ் சைனென்சிஸை 2009-லும் உறுதியான புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் சேர்த்தது. பிரசிக்குவாண்டல் மாத்திரை புழுவைக் கொல்லும். மறுபடி பச்சை மீன் தின்றால் மறுபடி வரும்.

இரண்டாவது ஒசாகா. ஆஃப்செட் அச்சில் சோதனைப் படிகள் எடுக்கும் ஒரு கம்பெனியின் இளம் தொழிலாளர்களுக்கு அடுத்தடுத்து இந்த நோய் வந்தது. பொதுவாக அறுபது, எழுபது வயதில் வருவது, அங்கே இருபதுகளிலும் முப்பதுகளிலும்கூட. காற்றோட்டம் குறைந்த அறையில் மை படிந்த பாகங்களைத் துடைக்கப் பயன்படுத்திய 1,2-டைகுளோரோபுரோபேன் என்ற கரைப்பான்தான் காரணம் என்று கண்டார்கள். 2013-ல் ஜப்பான் அதைத் தொழில்சார் நோயாக ஏற்றது. 2014-ல் அதே முகமை அந்த ரசாயனத்தையும் உறுதியான காரணி என்றது. அவர்களின் ஈரலைப் பரிசோதித்தபோது, கட்டி இருந்த இடத்தில் மட்டுமல்லாமல் பெரிய குழாய்கள் பலவற்றிலும் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் பரவிக் கிடந்தன.

தோரோட்ராஸ்ட் மூன்றாவது. 1930-களிலிருந்து 1950-கள் வரை எக்ஸ்ரே படம் தெளிவாகத் தெரிய ரத்தத்தில் ஏற்றிய மருந்து. அதிலிருந்த தோரியம் ஈரலிலேயே தங்கி, ஆயுள் முழுக்கக் கதிர்வீசிக்கொண்டிருந்தது. கட்டிகள் வர இருபது, முப்பது வருடம் ஆனது.

நாங்கள் மீன் சாப்பிடும் வீடு. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். குழம்பிலோ வறுவலிலோ வெந்த மீனில் அந்தப் புழு பிழைக்காது.

'புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம்' என்றால் அதைக் கண்டுபிடித்துத் தடுக்கலாமே?

பெரிய குழாய் வகைக்கு இரண்டு முன்னோடிகள் தெரியும். ஒன்று, குழாயின் உள்சுவர்ச் செல்கள் தட்டையாகவே ஒழுங்கு கெடுவது. சுருக்கமாகப் பிலின் என்போம். கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் அது தெரியாது, நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும். மற்றது, குழாய்க்குள் காம்பு காம்பாக நீட்டிக்கொண்டிருக்கும் பாப்பிலரிக் கட்டி. இது குழாயை விரிப்பதால் ஸ்கேனில் அகப்படலாம், முழுதாக எடுத்துவிட்டால் பலன் நன்றாக இருக்கும். சிறு குழாய் வகைக்கு இப்படி நிலையான முன்னோடி எதுவும் நிறுவப்படவில்லை. பி.எஸ்.சி. போன்ற நோய் உள்ளவர்களைத்தான் தொடர்ந்து கண்காணிக்கிறார்கள்.

சி.ஏ. 19-9 நார்மலாக இருக்கிறது. அப்படியானால் ரிப்போர்ட் தவறா?

இல்லை. சி.ஏ. 19-9 என்பது ரத்தத்தில் அளக்கும் ஒரு புற்றுநோய்க் குறிப்பான். லூயிஸ் என்ற ரத்த வகைப் பண்பு இல்லாதவர்கள் 100-ல் 5 முதல் 10 பேர். அவர்கள் உடல் இந்தப் பொருளைத் தயாரிப்பதே கிடையாது. மற்றவர்களுக்கும் ஆரம்பக் கட்டத்தில் கூடாமலிருக்கலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: கல்லடைத்துக் காமாலை வந்தாலே புற்றுநோய் இல்லாமலும் அது ஏறும். அளவு ஏறியிருப்பது சந்தேகத்தைக் கூட்டும், அதற்கு மேல் அதன் தலையில் பாரம் ஏற்றக் கூடாது.

எச்.சி.சி.யும் இதுவும் கலந்த கட்டி என்று சொல்கிறார்கள். அப்படியும் உண்டா?

உண்டு, அபூர்வமாக. ஒரே கட்டியில் ஒரு பகுதி கல்லீரல் செல்லாகவும் இன்னொரு பகுதி பித்தக்குழாய்ச் செல்லாகவும் இருக்கும். கருவில் இரண்டும் ஒரே முன்னோடிச் செல்லிலிருந்து வருபவை, ஆகவே ஆச்சரியமில்லை. ஆனால் சாதாரணச் சாயத்திலேயே இரண்டு முகமும் தெரிந்தால்தான் அந்தப் பெயரை வைக்க வேண்டும். எச்.சி.சி.யில் சி.கே.19 கொஞ்சம் ஏறியதற்காகக் கலப்புக் கட்டி என்று எழுதுவது சரியல்ல. ஸ்டெயின் காட்டியதை வடிவம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆபரேஷன் நடுவில் 'ஃப்ரோசன்' அனுப்பினார்கள். அது எதற்கு?

திசுவை உறையவைத்துச் சீவி, சில நிமிடங்களில் பதில் சொல்வது. இரண்டு காரணத்துக்காக அனுப்புவார்கள். வெட்டிய குழாயின் முனையில் புற்றுநோய் இருக்கிறதா என்பது ஒன்று. ஈரலின் மேற்பரப்பில் எதிர்பாராமல் தென்படும் சின்ன வெள்ளைப் புள்ளி பரவிய நோயா என்பது இன்னொன்று. இரண்டாவதில்தான் நெஞ்சு படபடக்கும். வான் மேயன்பர்க் காம்ப்ளெக்ஸ் என்று ஒரு பிறவிக் குறை உண்டு. ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய வெள்ளை முடிச்சு, நாருக்குள் விரிந்த குழாய்கள், சில சமயம் அதற்குள் பித்தநீர். முற்றிலும் அப்பாவி. பித்தக்குழாய் அடினோமாவும் அப்படித்தான். நாரும் குழாயும் சேர்ந்து இருப்பதால் பார்வைக்குப் புற்றுநோய்போல் தோன்றும். உட்கருக்கள் ஒரே அளவில் அடக்கமாக இருக்கின்றனவா, செல் பிரிவது தெரிகிறதா, முடிச்சின் எல்லை ஒழுங்கா என்று பார்த்துச் சொல்கிறோம். அந்த ஒரு பதிலில் ஆபரேஷன் தொடர்வதா நிற்பதா என்பது முடிவாகும்.

ஆபரேஷனுக்குப் பிந்தைய ரிப்போர்ட்டில் முதலில் எதைப் பார்ப்பது?

நான் பார்ப்பேன் என்றால் இந்த வரிசையில்: கணு, விளிம்பு, ரத்தக்குழாய், எண்ணிக்கை. அளவு கடைசி.

நிணநீர்க் கணுவில் நோய் இருந்தால், கட்டி சின்னதானாலும் கட்டம் 3பி. எத்தனை கணு பார்த்தார்கள் என்பதையும் கவனியுங்கள். குறைந்தது ஆறு வேண்டும் என்பது, புற்றுநோயின் கட்டங்களை வகுக்கும் அமெரிக்கக் குழுவான ஏ.ஜே.சி.சி.யின் கையேட்டு எட்டாம் பதிப்பின் பரிந்துரை. 'ஒரு கணு பார்த்தோம், நோய் இல்லை' என்பதும் 'எட்டுக் கணு பார்த்தோம், நோய் இல்லை' என்பதும் ஒன்றல்ல. விளிம்பில் ஆர்0 என்றால் நுண்ணோக்கியிலும் நோய் இல்லை, ஆர்1 என்றால் நுண்ணிய அளவில் இருக்கிறது.

'டி' என்பது கட்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கான குறியீடு. அதே பதிப்பில் ஒற்றைக் கட்டி, ரத்தக்குழாய்க்குள் புகவில்லை என்றால் டி1, 5 செ.மீ. வரை டி1ஏ, அதற்கு மேல் டி1பி. ரத்தக்குழாய்க்குள் புகுந்திருந்தாலோ ஒன்றுக்கு மேற்பட்ட கட்டி இருந்தாலோ டி2. ஈரலைப் போர்த்திய சவ்வைத் துளைத்தால் டி3, பக்கத்து உறுப்புக்குள் போனால் டி4.

மரபணுப் பரிசோதனை செலவு அதிகம். செய்யத்தான் வேண்டுமா?

கட்டியை முழுதாக எடுக்க முடியாத நிலை, அல்லது திரும்ப வந்துவிட்டது என்றால் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். ஐ.டி.எச்.1 மாற்றமும் எஃப்.ஜி.எஃப்.ஆர்.2 இணைவும் ஈரலுக்குள் வரும் இந்த நோயில் தலா பத்தில் ஒருவருக்குச் சற்று அதிகமாகவே இருக்கின்றன. முதலாவதற்கு ஐவோசிடெனிப் 2021-லும், இரண்டாவதற்குப் பெமிகாட்டினிப் 2020-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இவை தவிர பிராஃப், ஹெர்2 மரபணு மாற்றங்களுக்கும், எம்.எஸ்.ஐ. எனும் டி.என்.ஏ. பழுதுபார்ப்புக் கோளாறுக்கும் மருந்து உண்டு. மருந்துகளின் விலை வேறு கதை, அதையும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

ஒரு நுட்பம்: எஃப்.ஜி.எஃப்.ஆர்.2 ஒட்டிக்கொள்ளும் துணை மரபணு ஆளுக்கு ஆள் மாறும். சில இடங்களை மட்டும் பார்க்கும் மலிவான டி.என்.ஏ. பேனல் அதைத் தவறவிடலாம், ஆர்.என்.ஏ.வையும் பார்க்கும் சோதனையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கும் வருமா?

மேலே சொன்ன மாற்றங்கள் கட்டிக்குள் மட்டும் உண்டானவை, பிள்ளைகளுக்குப் போகாது. சிறுபான்மையினருக்கு பி.ஆர்.சி.ஏ.2, லிஞ்ச் போன்ற பரம்பரைக் கோளாறு அடியில் இருக்கலாம். மிக இளம் வயதில் வந்தாலோ குடும்பத்தில் மார்பகம், சினைப்பை, குடல் புற்றுநோய்கள் பலருக்கு இருந்தாலோ மரபியல் ஆலோசனை கேளுங்கள்.

வேறு மருத்துவமனையில் இரண்டாவது கருத்து கேட்கலாமா? இங்கே கோபித்துக்கொள்வார்களா?

கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை, எங்களுக்குள்ளேயே ஸ்லைடை அடுத்தவருக்குக் காட்டுவது தினசரி நடப்பது. ரிப்போர்ட்டின் நகலோடு மட்டும் போனால் பயனில்லை. எழுதிக் கொடுத்து ஸ்லைடுகளையும் பிளாக்கையும் வாங்குங்கள். பிளாக் எண் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். சி.டி. ரிப்போர்ட், எண்டோஸ்கோபி ரிப்போர்ட், பழைய புற்றுநோய் ஏதாவது இருந்திருந்தால் அதன் விவரம், எல்லாவற்றையும் கூடவே கொடுங்கள். பத்து வருடத்துக்கு முன் அம்மாவுக்கு மார்பகத்தில் ஒரு கட்டி எடுத்ததைச் சொல்ல மறந்தால் நாங்கள் தவறான திசையில் ஸ்டெயின் போட்டுத் திசுவைத் தீர்த்துவிடுவோம்.

இரண்டாவது இடத்தில் 'புதிதாக எத்தனை ஸ்டெயின் போடப் போகிறீர்கள், மரபணுப் பரிசோதனைக்கு மிஞ்சுமா' என்று கேட்கத் தயங்க வேண்டாம். பிளாக்குக்கு ஃப்ரிட்ஜ் தேவையில்லை, சாதாரண அறையில் பல வருடம் இருக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.